ஹட்டனுக்குச் சொன்னது கேகாலைக்குப் பொருந்துமா?

சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போகும் மாணவர்கள், பிறர் எழுதியதைத் தொகுப்பதோடு நிற்காமல் தமக்கென்று ஒரு வாதத்தைக் கட்டி எழுப்புவது பற்றி

மலையகத்தைப் பற்றி நம் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளில் நான் வாசித்த பல, ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் தொடங்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியர் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். முதலில் கோப்பி, அது நோய்கண்டு அழிந்ததும் தேயிலை. பிறகு லயன் காம்பரா, கங்காணி, 1948 இல் பறிபோன குடியுரிமை. இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் எழுதிய மாணவி கேகாலை மாவட்டத்து யட்டியாந்தோட்டைக்காரராக இருப்பார். வீட்டில் இரண்டு தலைமுறையாக இறப்பர்ப் பால்வெட்டு. விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் ஓடி, வாளியில் பால் சேர்த்து, மழை இறங்கினால் அன்றைய பேர் (நாட்கூலி) போய்விடுமே என்று வானத்தைப் பார்க்கிற குடும்பம். அவருடைய ஆய்வேட்டில் தேடினாலும் ஓர் இறப்பர் மரம் கிடைக்காது. கொழுந்துக் கூடையும் நுவரெலியாப் பனியும்தான் இருக்கும்.

அவர் கவனமில்லாமல் எழுதினார் என்று சொல்ல மாட்டேன். கையில் கிடைத்த புத்தகங்களை ஒழுங்காகப் படித்து, அவற்றில் இருந்ததை ஒழுங்காக எழுதியிருக்கிறார். புத்தகங்களில் ஹட்டன் இருந்தது, கேகாலை இல்லை. புத்தகத்தில் இல்லாததைச் சொல்லத் தனக்கு உரிமை உண்டா என்ற ஐயம் அவருக்கு. உண்டு என்று சொல்லி, அதை எப்படிச் செய்வது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்க ஆள் இல்லை.

பள்ளிக்கூடம் பழக்கிய பழக்கம்

தோட்டப் பாடசாலைகள் 1970கள் வரை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தவை. பல இடங்களில் ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிகிற படிப்பு. அரசு அவற்றைப் பொறுப்பேற்ற பிறகு ஒரு தலைமுறைதான் முழுமையாக மேலே ஏறி வந்திருக்கிறது. இந்த ஏற்றத்தின் கதையை அஞ்சலா லிட்டில் 1999 இல் வெளியான தன் நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஏறி வந்த பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது டியூஷன் நோட்ஸும் கடந்தகால வினாத்தாள்களும்தான். உயர்தரத்தில் வரலாறோ அரசியல் விஞ்ஞானமோ எடுத்தவர்களுக்கு விடை என்பது புள்ளித் திட்டத்தில் உள்ள குறிப்புகளை விடாமல் எழுதுவது. எத்தனை குறிப்பு, அத்தனை புள்ளி. அப்படி எழுதித்தான் அவர்கள் பல்கலைக்கழகத்துக்கே வந்தார்கள். அந்த உழைப்பை யாரும் மட்டமாகப் பேசக்கூடாது.

வந்தபிறகு, மூன்றாம் நான்காம் வருடத்தில் விரிவுரையாளர் திடீரென்று “இதில் உங்களுடைய வாதம் என்ன?” என்று கேட்கிறார். பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருடம் யாரும் கேட்காத கேள்வி. மாணவர்கள் இரண்டு பக்கமாகச் சிதறுகிறார்கள். சிலர், அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார் என்று பக்கம் பக்கமாக அடுக்கி, இறுதியில் “எனவே மலையக மக்களின் நிலை மேம்படுத்தப்பட வேண்டும்” என்று முடிக்கிறார்கள். வேறு சிலர் சான்றுகளை ஓரம் வைத்துவிட்டு மனக்கொதிப்பை எழுதுகிறார்கள். கொதிப்பு நியாயமானது, ஆனால் வாசிப்பவர் அதை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இடையில், எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் டர்னிட்டின் மென்பொருளின் பயம் வேறு. அது காட்டும் ஒற்றுமை வீதம் குறைய வேண்டும் என்பதற்காகச் சொல்லுக்குச் சொல் மாற்றி, வாக்கியத்தைத் திருப்பிப்போட்டு எழுதுகிறார்கள். அமெரிக்காவில் எழுத்துப் பயிற்சியை ஆராய்ந்த ரெபேக்கா மூர் ஹவர்ட் 1990களில் இந்த ஒட்டுவேலையைப் பற்றி எழுதினார். இதை வெறும் திருட்டாகப் பார்க்கக்கூடாது, புரியாத ஒரு துறையின் மொழிக்குள் நுழைய முயலும் மாணவர் கடக்கிற படி இது என்றார். நான் அவர் பக்கம். தண்டிப்பதால் அந்தப் படியைத் தாண்டவைக்க முடியாது. இப்போது கைபேசியில் ஒரு கேள்வி போட்டால் செயற்கை நுண்ணறிவு பத்துப் பக்கம் எழுதித் தருகிறது. அதுவும் ஏற்கெனவே எழுதப்பட்டவற்றிலிருந்துதான் சொல்கிறது. ஹட்டனைப் பற்றித்தான் சொல்லும். கேகாலையைப் பற்றி எழுதப்படாதது அதற்கும் தெரியாது.

நம்மிடம் இருந்த ஏழு வழி

சொந்த வாதம் என்பது மேற்கத்தியப் பல்கலைக்கழகம் நம் தலையில் கட்டிய சுமை என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், நூல் எழுதுகிறவர் பிறர் கருத்துகளோடு கொள்ளக்கூடிய நிலைகள் ஏழு என்று வகுத்திருக்கிறது. பிறர் சொன்னதற்கு உடன்படலாம். மறுக்கலாம். முதலில் ஏற்றுக்கொண்டு போய்ப் பிறகு களையலாம். தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தலாம். இரண்டு பேர் மாறுபடுகிற இடத்தில் ஒரு பக்கம் துணியலாம். பிறர் நூலில் உள்ள குற்றத்தை எடுத்துக்காட்டலாம். யாரோடும் சேராமல் தன் கொள்கையில் நிற்கலாம்.

தமிழ் சிறப்புப் பாடமாக எடுக்கும் மாணவர்கள் இதைப் பரீட்சைக்குப் பாடமாக்குகிறார்கள். எழுதும்போது பயன்படுத்துவதில்லை. நம் ஆய்வேடுகளில் ஏழில் முதலாவது மட்டும்தான் பெரும்பாலும் தென்படுகிறது. ஆனால் உரையாசிரியர்களைப் பாருங்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முன் எழுதிய இளம்பூரணரை எத்தனை இடத்தில் மறுக்கிறார்! மறுக்குமுன் அவர் சொன்னதை முழுமையாக எடுத்துச் சொல்கிறார், ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டுகிறார், அதன் பிறகே தன் முடிவைச் சொல்கிறார். பெரியவரை மறுப்பது மரியாதைக்குறைவு என்று அவர் நினைக்கவில்லை. ஆசிரியர் கைகாட்டிய புத்தகத்தோடு மாறுபட்டால் புள்ளி குறையும் என்று பயப்படுகிற பிள்ளைகளுக்கு முதலில் வாசிக்கக் கொடுக்க வேண்டியது இந்தப் பக்கங்களைத்தான்.

எண்ணியவர் யார்?

மன்னாரிலிருந்து மலைநாட்டுக்கு நடந்து வந்த பாதையில் இறந்தவர்களைப் பற்றி எழுதாத மலையக ஆய்வேடு அரிது. எழுபதாயிரம் என்ற எண் பல இடங்களில் வரும். அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் நடந்து போனால், 1849 இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை 1840களைப் பற்றிச் செய்த மதிப்பீட்டில் போய் நிற்கும். டொனவன் மோல்ட்ரிச், பற்றிக் பீபிள்ஸ், வான்டன் டிரீசன் என்று பின்வந்து இதை ஆராய்ந்தவர்கள் அந்தக் காலத்து இடப்பெயர்வையும் சாவையும் வெவ்வேறு விதமாக எடைபோட்டிருக்கிறார்கள். இங்கே மாணவருக்கு வேலை இருக்கிறது. வந்தவர், திரும்பியவர் கணக்கை அன்று யார் வைத்திருந்தார்கள்? கணக்கில் வராமல் போனவர் எல்லோரும் இறந்தவர்தானா? இந்த எண்ணை ஒரு கொழும்புப் பத்திரிகை அந்த ஆண்டில் வெளியிட்டதற்குக் காரணம் என்ன? இவற்றைக் கேட்பதால் இறந்தவர்களுக்குத் துரோகம் செய்ததாகாது. கேட்காமல் எழுதினால், யாராவது ஒருவர் அந்த எண்ணைத் தட்டிவிடும்போது நம் வாதம் முழுவதும் அதோடு சேர்ந்து விழுந்துவிடும்.

குடிசன மதிப்பீடும் அப்படித்தான். 1911 இல்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனியாக எண்ணத் தொடங்கினார்கள். 1971 இல் ஏறத்தாழ 11 இலட்சத்து 75 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர், 1981 இல் 8 இலட்சத்து 20 ஆயிரத்துக்குக் கிட்டவாகக் குறைந்தார்கள். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் ஒரு காரணம். ‘இலங்கைத் தமிழர்’ என்று தம்மைப் பதிந்துகொண்டவர்கள் இன்னொரு காரணம். சிங்களக் கிராமங்களால் சூழப்பட்டு, கலவரங்களில் அடிக்கடி அடிபட்ட மாவட்டங்களில் ஒரு குடும்பம் எந்தப் பெயரில் தன்னைப் பதிந்துகொள்கிறது என்பது தனி ஆய்வுக்கே உரிய கேள்வி. அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்டினால் அந்தக் கேள்வி கண்ணில் படாது.

துரைமார் கைநூலைத் திருப்பிப் படித்தவர்

சான்றிலிருந்து சொந்த வாதம் எழுவதை மலையகத்துக்குள்ளேயே காட்ட வேண்டுமானால் நான் மு. நித்தியானந்தனின் ‘கூலித் தமிழ்’ நூலைக் காட்டுவேன். 2014 இல் க்ரியா வெளியிட்டது. பதுளையில் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்து, பின்னர் இலண்டனில் வாழ்கிறவர் அவர்.

தோட்டத்துக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் ஆட்களோடு பேசுவதற்கென்று அந்தக் காலத்தில் கைநூல்கள் அச்சடிக்கப்பட்டன. அவற்றைத் தமிழ் கற்பிக்கும் நூல்களாக மட்டும் பார்த்திருந்தால் மொழியியல் குறிப்பு ஒன்றோடு வேலை முடிந்திருக்கும். நித்தியானந்தன் அவற்றில் ஒலிக்கிற குரலைக் கவனித்தார். யார் யாரை எப்படி விளிக்கிறார், வாக்கியங்களில் எத்தனை ஏவல், தொழிலாளியின் வாயில் என்ன பதிலை நூல் வைக்கிறது என்று பார்த்தார். ஆட்சி செய்கிறவன் தன் வசதிக்காக அச்சடித்த புத்தகம், அந்த ஆட்சி எப்படி நடந்தது என்பதற்கு அவனே எழுதிக்கொடுத்த வாக்குமூலமாக மாறியது. 1869 இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய கோப்பிக் கிருஷிக் கும்மியையும் அவர் அப்படித்தான் அணுகுகிறார். பழைமையானது, நம்முடையது என்று கொண்டாடி நிறுத்தாமல், அந்தக் கும்மி தோட்டத்தை யார் நின்ற இடத்திலிருந்து பார்க்கிறது என்று கேட்கிறார்.

இந்திய வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா, 1983 இல் வெளியான தன் புகழ்பெற்ற கட்டுரையில், விவசாயிகளின் கிளர்ச்சிகளைப் பற்றிய அரசாங்க ஆவணங்களை இதே கண்ணோடு பிரித்துப் பார்த்தார். நம்மைப் பற்றிய பழைய காகிதம் பெரும்பாலும் நம்மை எண்ணியவர்களும் வேலைவாங்கியவர்களும் எழுதியது. 1865 இன் சேவை ஒப்பந்தச் சட்டம், 1904 முதல் திருச்சிராப்பள்ளியில் இயங்கிய இலங்கைத் தொழில் ஆணையகத்தின் அறிக்கைகள், 1921 இல் ஒழிக்கப்படும்வரை ஆளைக் கடனோடு கட்டிப்போட்ட துண்டு முறையைப் பற்றிய கடிதங்கள் எல்லாம் அந்த வகை. அவற்றைத் தூக்கிப்போட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. நம்பி ஒப்புவித்தாலும் மிஞ்சாது. எழுதியவர் எதைக் காட்ட நினைத்தார், எது அவரை அறியாமல் வெளிவந்தது என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

இறப்பர்த் தோட்டத்துச் செக்ரோல்

இனி சப்ரகமுவவுக்கே வருகிறேன். ஹட்டன் இருக்கும் நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் பாதிக்கு மேல். சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். நுவரெலியாவில் மலை முழுக்கத் தோட்டம். இங்கே தோட்டத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம், வயல், பன்சலை. தெஹியோவிட்ட, ருவன்வெல்ல, புளத்கொஹுபிட்டிய, தெரணியகலை பக்கங்களில் இறப்பர் பெரும்பங்கு. இறப்பர்த் தோட்டங்களில் ஆரம்பம் முதலே கிராமத்துச் சிங்களவர்களும் வேலைசெய்தார்கள். அரசியலும் வேறு மாதிரி. 1936 இல் அரசாங்க சபைக்கு ருவன்வெல்லயிலிருந்து என். எம். பெரேராவும் அவிசாவளையிலிருந்து பிலிப் குணவர்தனவும் போனார்கள். இருவரும் இடதுசாரிகள். 1934 – 35 மலேரியாக் கொள்ளைநோயில் கேகாலைப் பக்கம் மக்கள் செத்து விழுந்தபோது நிவாரண வேலைசெய்து பெயர் பெற்றவர் பெரேரா. ஹட்டனின் தொழிற்சங்க வரலாற்றைப் படித்துவிட்டு அதே சட்டகத்தை இந்தக் களனிப் பள்ளத்தாக்கில் பொருத்தினால் இதெல்லாம் வெளியே நின்றுவிடும்.

ஆகவே சப்ரகமுவ மாணவருக்கு வாதம் கிடைக்கக்கூடிய முதல் இடம் இந்தப் பொருந்தாமைதான். ‘மலையகத்தில் இப்படி’ என்று புத்தகம் சொல்லும் ஒவ்வொரு பொதுக் கூற்றையும் எடுத்து, எங்கள் தோட்டத்தில் அப்படியா என்று கேட்டுப் பார்க்கலாம். பொருந்தினால் அந்தக் கூற்றுக்குப் புதிய ஊரிலிருந்து ஒரு சான்று. பொருந்தாவிட்டால், ஏன் என்ற கேள்வியிலேயே ஆய்வு தொடங்கிவிடுகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தோட்ட நிர்வாகங்களின் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு குற்றச்சாட்டு, ஆட்கள் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை என்பது. அதைப் பற்றி எழுத நினைக்கும் மாணவர், நிர்வாக அறிக்கையில் உள்ளதை எழுதி, எதிர்ப்பக்கத்தில் தொழிற்சங்கம் சொன்னதையும் எழுதி, “இரு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டும்” என்று முடிக்கலாம். அல்லது, அனுமதி கிடைத்தால், தோட்டத்து ஒப்பீஸில் செக்ரோலை, அதாவது வேலைநாள் பதிவேட்டை, கேட்கலாம். ஆளின் பெயர், நம்பர், மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். பேர் விழுந்த நாள், அரைப்பேர் விழுந்த நாள், வெற்றாய்க் கிடக்கும் நாள். அதே ஒப்பீஸில் இன்னொரு புத்தகமும் இருக்கும். தோட்டங்களில் மழைமானி வைத்து நாளாந்தம் மழையைக் குறிப்பது பழைய வழக்கம். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாளுக்கு நாள் ஒப்பிட்டால் என்ன தெரியும்?

பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரத்தின்மேல் வழியும், சிரட்டையில் விழுந்ததையும் மழை கழுவிக்கொண்டு போய்விடும். கேகாலையில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் வெட்டில்லாத காலைகள் வரிசையாக வரும். தேயிலைக்கு இந்தக் கணக்கு வேறு, மழையிலும் கொழுந்து எடுக்கிறார்கள். செக்ரோலில் வெற்றாய்க் கிடக்கும் கட்டங்கள் மழைப் புத்தகத்தின் கனமழை நாட்களோடு பெருமளவு ஒத்துப்போனால், மாணவர் இப்படி எழுதலாம்: “இந்த இறப்பர்த் தோட்டத்தில் வேலைக்கு வராமை என்று பதிவாவதில் ஒரு பெரும்பகுதி, வேலை இல்லாமை.”

இது வாதம். ஏனென்றால் இது பிழையாகவும் இருக்கலாம். மழை நாளில் வெட்டில்லாவிட்டாலும் புல்லுவெட்டுக்கு ஆள் கூப்பிட்டிருக்கலாம், அதற்கும் வராமல் இருந்திருக்கலாம். இரத்தினபுரிப் பக்கமென்றால் அன்று மாணிக்கக் குழிக்குப் போயிருக்கலாம், கிராமத்தில் கைக்காசு வேலை கிடைத்திருக்கலாம். இந்த மறுப்புகளை வேறு யாரும் சொல்வதற்கு முன் மாணவரே எடுத்துவைத்து, செக்ரோலிலும் நேர்காணலிலும் விடை தேட வேண்டும். சில மறுப்புகளுக்கு விடை கிடைக்காது. கிடைக்காததையும் எழுத வேண்டும், அப்போது முதல் வாக்கியத்தில் ‘பெரும்பகுதி’ என்ற சொல் ‘ஒரு பகுதி’ என்று சுருங்கும். அப்படிச் சுருங்குவதை மாணவர்கள் தோல்வியாக நினைக்கிறார்கள். என் கண்ணில் ஆய்வேடு முழுவதிலும் அதுதான் மிக நேர்மையான இடம்.

கணக்குப் பார்க்கிற வேலை என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. கூட்டு ஒப்பந்தங்களில் வருகைக் கொடுப்பனவு இருந்த காலத்தில், வழங்கப்பட்ட வேலைநாட்களில் 75 வீதம் வந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. 2019 ஒப்பந்தத்தில்தான் அதை நீக்கினார்கள். மழை பெய்த காலையை, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் ‘வேலை வழங்கப்பட்ட நாள்’ என்று எழுதினார்களா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் தொங்கியது. அதே செக்ரோலில் பெண்களின் வரிசையைத் தனியாக எடுத்தால் இன்னொரு ஆய்வு கிடைக்கும். 1984 வரை ஒரே நாள் வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம்தான் இருந்தது. பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவனே கையெழுத்திட்டு வாங்கினான்.

நேவ்ஸ்மியர், 1946

இப்போது மூன்று கூற்றுகளை ஒப்பிட்டுக் காட்ட விரும்புகிறேன். மூன்றும் ஒரே நிகழ்வைப் பற்றியவை.

1946 இல் கேகாலை மாவட்டத்தின் உந்துகொடையில் நேவ்ஸ்மியர் என்ற தோட்டத்தை அரசு கிராம விஸ்தரிப்புக்காக எடுத்துக்கொண்டது. சுற்றியிருந்த நிலமற்ற சிங்களக் கிராமத்தவர்களுக்கு அதைப் பகிர்ந்து கொடுப்பது திட்டம். காணி விவசாய அமைச்சர் டி. எஸ். சேனாநாயக்க. அங்கே காலங்காலமாக வேலைசெய்து குடியிருந்த இந்தியத் தமிழ்த் தொழிலாளர்களுக்கு வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. அவர்கள் நகரவில்லை. அத்துமீறிக் குடியிருப்பதாக அவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது, அது கேகாலைத் தோட்டங்களைத் தாண்டி ஹட்டன் பக்கத்துக்கும் பரவியது.

முதல் கூற்று: “நேவ்ஸ்மியர் போராட்டம் மலையக வரலாற்றில் ஒரு மைல்கல்லாகும்.” இதை யாரும் மறுக்கப் போவதில்லை. அதனால்தான் இது வாதமாக நிற்கவில்லை.

இரண்டாவது: “நேவ்ஸ்மியர் வெளியேற்றம் அரசின் இனவாதத்தைக் காட்டுகிறது.” இதில் ஒரு நிலைப்பாடு இருக்கிறது. ஆனால் ஆவணத்தைத் திறப்பதற்கு முன்பே முடிவு எடுத்தாயிற்று. தோட்டங்களுக்கு நடுவே நெருக்கப்பட்டுக் கிடந்த கேகாலைக் கிராமத்தவனின் நிலப்பசி உண்மையானது. அந்தப் பசிக்கு ஏன் இந்தத் தோட்டம், ஏன் வெள்ளைக்காரக் கம்பனிகளின் விரிந்த காணிகளைத் தொடவில்லை, ஏன் இந்த மனிதர்கள் விலை கொடுக்க வேண்டியிருந்தது என்ற கேள்விகளுக்கு இந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

மூன்றாவது இப்படி இருக்கலாம்: “1948 குடியுரிமைச் சட்டத்தை வாக்குகளைப் பற்றிய அச்சமாகவே பெரும்பாலும் விளக்குகிறார்கள். கேகாலையில் அந்தக் கேள்வி அதற்கு முன்பே நிலக் கேள்வியாக எழுந்துவிட்டது. அரச காணிக்கு உரிய ‘இலங்கையர்’ யார் என்று 1935 காணி அபிவிருத்திச் சட்டம் எல்லை போட்டதும், 1946 இல் நேவ்ஸ்மியரில் குடியிருந்தவர் அத்துமீறியவர் ஆனதும், 1948 இன் வாதங்களுக்கு முன்னோடிகள்.”

இந்த மூன்றாவது கூற்று சரி என்று நான் சொல்லவில்லை. அது மாணவருக்கு வேலை கொடுக்கிறது, அதைத்தான் சொல்கிறேன். 1948 நாடாளுமன்ற விவாதங்களின் ஹன்சார்டைப் புரட்ட வேண்டும். சட்டத்தை ஆதரித்துப் பேசியவர்கள் நிலத்தைப் பற்றி எத்தனை தூரம் பேசினார்கள்? பேசவே இல்லையென்றால் வாதம் உடையும். வாக்கு அச்சம் என்ற விளக்கத்தை முன்வைத்த ஆய்வாளர்களையும், குடியுரிமைப் பறிப்பை ஆராய்ந்த வள்ளி கணபதிப்பிள்ளையின் 2009 ஆம் ஆண்டு நூல் போன்றவற்றையும், சுருக்கி அல்ல, அவர்களே ஒப்புக்கொள்ளும்படி முழுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் எங்கே விலகுகிறோம் என்று காட்ட முடியும். சேனாவரையர் செய்த வேலை இதுதான்.

எந்தச் சான்று எதற்கு என்ற தெளிவும் இங்கேதான் வருகிறது. சட்டத்தின் வாசகம், வழக்குத் தாள், அன்றைய வீரகேசரிச் செய்தி ஆகியவை நாம் பிரித்துப் பார்க்க வேண்டிய பொருள்கள். ஆய்வாளர்களின் நூல்கள் நாம் பேச வேண்டிய ஆட்கள். குஹாவைப் போன்றவர்களிடம் நாம் கடன் வாங்குவது பார்வையை. இந்த மூன்றையும் ஒன்றாக்கி, எல்லாருக்கும் ஒரே அடைப்புக்குறி போட்டு மேற்கோள் காட்டுகிற பழக்கம்தான் நம் ஆய்வேடுகளை மங்கவைக்கிறது.

எழுபத்தேழா, எண்பத்தொன்றா?

வாய்மொழிச் சான்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1981 ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான வன்முறையில் இரத்தினபுரி மாவட்டத்தில் காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் லயன்கள் எரிந்தன. பலர் காட்டுக்குள் ஒளிந்து உயிர் தப்பினார்கள். வவுனியாப் பக்கம் போனவர்களும் உண்டு, தமிழ்நாட்டுக்குப் போனவர்களும் உண்டு. அதற்கு முன் 1977 இலும் பின் 1983 இலும் கலவரம். இன்று அந்தப் பக்கத்தில் ஒரு பெரியம்மாவிடம் கேட்டால், எரிந்த இராத்திரியை அப்படியே சொல்வார். எந்த வருடம் என்று கேட்டால், “எழுபத்தேழோ எம்பத்தொண்டோ, ரெண்டு தடவையும் ஓடுனோம்லப்பா” என்பார்.

மாணவர்கள் இதைக் கேட்டுத் தடுமாறுகிறார்கள். ஆண்டு குழம்பிய சாட்சியத்தை எப்படி எழுதுவது? இத்தாலிய ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். தெர்னி நகரில் லூயிஜி திராஸ்துல்லி என்ற தொழிலாளி 1949 இல் பொலிஸாரின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். பிற்காலத்தில் அங்குள்ள தொழிலாளர்களில் பலர் அந்தச் சாவை 1953 இல், ஆலையில் ஆட்குறைப்பு நடந்த நாட்களில் நிகழ்ந்ததாகச் சொன்னார்கள். போர்த்தெல்லி அதைத் திருத்திவிட்டு நகரவில்லை. அவர்கள் அந்தச் சாவை ஏன் அந்த ஆண்டுக்கு நகர்த்தினார்கள் என்று கேட்டார், அந்தக் கேள்வியே அவருடைய ஆய்வானது. நம் பெரியம்மாவின் குழப்பத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. கொழும்பிலிருந்து எழுதப்படும் வரலாற்றில் தனித்தனிக் கலவரங்கள், அவருக்கு ஓயாமல் ஓடிய ஒரே ஓட்டம். திகதியை ஆவணத்திலிருந்து எடுக்க வேண்டும், ஓட்டத்தை அவரிடமிருந்து எடுக்க வேண்டும். இரண்டும் எங்கே விலகுகின்றன என்பதை மாணவர் தன் சொல்லில் எழுத வேண்டும்.

காகிதம் கிடைக்கிற இடங்கள் முன்னைவிட அதிகம். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் மலையக இதழ்களையும் நூல்களையும் மின்வடிவில் இலவசமாகத் தருகிறது. கொழும்பில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. கண்டியில் போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972 இல் தொடங்கிய சத்தியோதயம் தோட்ட மக்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுத்துகளைச் சேர்த்திருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்திலேயே, பெலிஹுல்ஓயாவில், 1995 இல் நிறுவப்பட்ட சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்துச் செக்ரோல்களையும் மழைப் புத்தகங்களையும் அவை கறையானுக்குப் போவதற்குள் படம்பிடித்து வைக்க அருகிலேயே இருக்கும் பல்கலைக்கழகம் அதுதான்.

இதையெல்லாம்விடப் பெரிய மூலதனம் ஒன்று சப்ரகமுவப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. கிராமங்களுக்கு நடுவே வளர்ந்ததால் அவர்களில் பலர் சிங்களத்தைத் தாய்மொழிபோல் பேசுகிறார்கள், பலர் சிங்களப் பாடசாலையில் படித்திருக்கிறார்கள். தமிழ் போய்விட்டதே என்று வெளியிலிருந்து குறை சொல்லக் கேட்டு அவர்களுக்குக் கூச்சமாகிவிட்டது. ஆனால் நேவ்ஸ்மியரின் இன்னொரு பாதி அந்த மொழியில்தான் இருக்கிறது. அந்தக் காலச் சிங்களப் பத்திரிகைகள் என்ன எழுதின? காணி கிடைத்து அங்கே குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த இடத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? தமிழில் எழுதப்பட்ட மலையக வரலாறுகள் தொழிலாளர் பக்கத்தைச் சொல்லியிருக்கின்றன. கிராமத்தவரின் பக்கத்தை அவர்கள் மொழியிலேயே கேட்டு, இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, யார் எதைப் பெற்றார்கள், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று வாதிடும் ஓர் ஆய்வேட்டை நான் இதுவரை வாசித்ததில்லை. அதை எழுத, உந்துகொடைக்குப் பஸ் ஏறினால் போதும், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்கிற நிலையில் இருப்பவர்கள் இவர்கள்தான்.